தெளிவான படம்

பத்து ஐந்துக்கு முதல் சொட்டு விட்டாயிற்று. இனிப் பத்தேகாலுக்கு ஒன்று, பத்து இருபத்தைந்துக்கு ஒன்று, அதற்கப்புறம் இன்னொரு பத்து நிமிடம் சும்மா விட்டால் குழந்தையின் கண்பாவை நன்றாக விரிந்து கொடுக்கும். அதன் பிறகுதான் படம் எடுக்க முடியும். ஆகக்கூடி அரை மணி நேரத்துக்கு நாகஜோதிக்குக் கையில் வேலை கிடையாது. அவளுக்கு அதுதான் பயம். வேலை இருந்தால் எப்படியாவது தப்பித்துக்கொள்வாள். வேலை இல்லாவிட்டால் நினைப்பு வந்துவிடும். வந்தால் அது அங்கே இங்கே சுற்றாமல், வீடு தெரிந்த மாடு மாதிரி, நேரே போய்ப் போன வருஷம் ஏப்ரல் மாதத்துப் புதன்கிழமையில் நிற்கும். இன்றைக்கும் புதன்கிழமை. புதன்கிழமை தோறும் கண் ஆஸ்பத்திரி வேன் இந்தக் கடலோரத்து அரசு மருத்துவமனைக்கு வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள்ளே, அடியில் இருக்கிற விழித்திரையைப் படம் எடுத்து, இங்கிருந்தே கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவார்கள். நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பால் தலைமை ஆஸ்பத்திரியில் டாக்டர் வசுமதி உட்கார்ந்து பார்த்து, இந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை, அந்தக் குழந்தையை உடனே கூட்டிவா என்று சொல்வார். ஏழாம் மாதத்திலேயே வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் ஓடி முடிந்திருக்காது. பாதியில் நின்றவை பிறகு கண்டபடி தடித்து நெளிந்து வளர ஆரம்பித்தால் விழித்திரையையே இழுத்துப் பிய்த்துப் போட்டுவிடும். காலத்தில் தெரிந்தால் லேசர் வைத்து நிறுத்தலாம். தெரியாமல் விட்டால் பார்வை போனது போனதுதான், அப்புறம் யார் காலில் விழுந்தும் பிரயோசனம் இல்லை. தெரிந்துகொள்ள இங்கே இருக்கிற ஒரே வழி படம். படம் எடுக்கிற ஆள் நாகஜோதி. இவ்வளவுதான் விஷயம், இவ்வளவையும் உட்கார்ந்து நினைத்தால் யாருக்குத்தான் பயம் வராது?

ஒன்பது மாதமாக அவள் குழந்தைகள் பக்கமே வரவில்லை. தானாகக் கேட்டுப் போய்க் கண்ணாடிப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்துகொண்டாள். மேல் வரிசை தெரியுதாய்யா, அடுத்த வரிசை படிங்கய்யா என்று பெரியவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தப்பாகப் போனால் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். நேற்றுச் சாயங்காலம் இன்சார்ஜ் கூப்பிட்டு, வாராவாரம் போகிற ரெபேக்காவுக்கு அம்மை போட்டிருக்கிறது, நாளைக்கு நீ போய்விட்டு வந்துவிடு ஜோதி என்றபோது இவள் வாய் சரி என்று சொல்லிவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்கிற பயத்தில்தான் சரி என்றாள், இப்போது அந்தப் பயத்தை விடப் பெரிய பயத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரிதான். காலையில் வேனில் ஏறிப் பார்த்தால் இருந்ததோ பழைய மெஷின். புது மெஷினை வடக்கே போகிற குழு முந்திக்கொண்டு தூக்கிப் போயிருந்தது. பழையதின் வயரில் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது. வெளிச்சம் மங்கல். படம் ஒரு மஞ்சள் பூத்த மாதிரி வரும், இடது ஓரத்தில் எப்போதும் ஒரு கலங்கல் இருக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஒரு சின்ன நிம்மதி. இதில் எதுவும் சரியாக வராவிட்டால் மெஷின் பழசு என்று சொல்லிக்கொள்ளலாமே என்று. மறுபடியுமா, என்று யாரோ உள்ளே கேட்ட மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வழி நெடுக உப்பளங்களைப் பார்த்தபடி வந்தாள்.

"அக்கா, இது வலிக்குமாக்கா?" குழந்தையின் அம்மா முனீஸ்வரி கேட்டாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முப்பது நாளாக வார்டு பெஞ்சிலேயே கிடந்து முகமெல்லாம் வீங்கிப்போயிருந்தது. குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை; கையில் கட்டியிருக்கும் பட்டையில் முனீஸ்வரியின் குழந்தை என்றுதான் எழுதியிருக்கிறது. இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான், பிழைத்து வெளியே போகிற வரைக்கும் அம்மா பேர்தான் அதற்கும் பேர். "மரத்துப்போற மருந்து விட்டுத்தாம்மா எடுப்போம். கொஞ்சம் அழும், அவ்வளவுதான்" என்றாள் நாகஜோதி. தன் குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "எங்க மாமியா வேணாம் வேணாம்னு கெடந்தாக. நாப்பது நாளு தாண்டாத புள்ளைய போட்டோ எடுக்கக் கூடாதாம், கண்ணு பட்டுப்போகுமாம்." வார்டு சிஸ்டர் செலின் தூரத்திலிருந்தே சிரித்தாள். "ஏம்மா, இது கண்ணுக்குள்ள எடுக்குற போட்டோன்னு உன் மாமியார்ட்ட சொன்னியா இல்லையா?" முனீஸ்வரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள், டேப் சுற்றிய இடத்தில் அவள் பார்வை நின்றது. "நல்ல மெஷினு வேற ஊருக்குப் போயிருச்சுன்னு டிரைவரண்ணன் சொன்னாரு. இதுல சரியாத் தெரியுமாக்கா? இல்ல, அடுத்த வாரம் நல்ல மெஷினு வரும்போது எடுத்துக்கிருவமா?" டிரைவர் பால்பாண்டிக்கு வாய் சும்மா இருக்காது, வந்து இறங்குவதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருப்பான். அடுத்த வாரம். நாகஜோதியின் நெஞ்சு அந்த வார்த்தையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் என்றால் ரெபேக்கா வந்துவிடுவாள், புது மெஷின் இருக்கும், இவள் போய் அய்யா அடுத்த வரிசை படிங்கய்யா என்று உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், குழந்தையின் அம்மாவே கேட்டுக்கொண்டாள் என்று எழுதிவிடலாம். ஒரு கிலோ நூறு கிராமில் பிறந்து இருபது நாள் ஆக்ஸிஜனில் இருந்த குழந்தை. அதற்கு ஒரு வாரம் என்பது என்ன என்று முனீஸ்வரிக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். "இதுலயே தெரியும்மா" என்றாள்.

பத்தேகால். இரண்டாவது சொட்டு. இமையைச் சுண்டுவிரல் நுனியால் இழுத்தால் காகிதம் போல வருகிறது, பயமாக இருக்கிறது. வழிந்த மருந்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். தோலில் பட்டால் இந்த உடம்புக்கு அதுவே அதிகம், நெஞ்சு படபடத்துவிடும். குழந்தை வாயைக் கோணி ஒரு கொட்டாவி விட்டது. பூனைக்குட்டி அளவுக்கு ஒரு உருவம், அதற்குள் எல்லாம் இருக்கிறது, கொட்டாவி உட்பட. நாகஜோதிக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு காலத்தில் இதே பழைய மெஷினில் நாலு வருஷம் அவள்தான் எடுத்தாள். ஜோதிக்குப் பஞ்சுக் கை என்று டிரெயினிங்கில் கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள், கேலியில் பாதி பொறாமை. மெஷினின் முனையைக் குழந்தையின் கண் மேல் வைப்பதே ஒரு தனி வித்தை. கண்ணில் ஒரு சொட்டு ஜெல்லை விட்டு, அந்த ஜெல்லின் மேல்தான் முனை மிதக்க வேண்டும். கண்ணைத் தொட்டும் தொடாமலும். குழந்தை மூச்சு இழுக்கும்போது கை கூடவே எழும்ப வேண்டும், மூச்சு விடும்போது கூடவே இறங்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் குழாய் எங்கே, ஓரம் எங்கே என்று தேடித் தேடிக் காத்திருந்து, கண் தானாக ஒரு கணம் நிலைக்கு வரும்போது காலடியில் இருக்கும் பெடலை மிதிக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம் கூட ஆகும். முதுகு விட்டுப்போகும். ஆனால் டாக்டர் வசுமதி போனில், ஜோதி எடுத்த படம்னா நான் ரெண்டாவது தடவை பார்க்கிறதில்லை என்பார். அந்த வாக்கியத்தைப் போய் இப்போது எதற்கு நினைத்தாள்? அந்த வாக்கியம்தான் எல்லாவற்றையும் விட மோசமானது. அவர் இரண்டாவது தடவை பார்த்திருந்தால், பார்த்திருந்தால்... இல்லை, பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும், படம்தான் அவ்வளவு தெளிவாக இருந்ததே.

புது மெஷின் போன வருஷம் ஜனவரியில் வந்தது. கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்து எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துச் செய்து காட்டினான். இனிமே கைப்பழக்கமெல்லாம் வேண்டாம் மேடம், வைங்க, மிதிங்க, படம் ரெடி, யார் வேணும்னாலும் எடுக்கலாம் என்றான். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. திரையில் படம் வந்து விழுந்தபோது எல்லோரும் ஆ என்றார்கள். முடி மாதிரி ஓடும் குழாய் கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. இருபது நிமிட வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கண் ஆடாது, ஓரம் வரைக்கும் ஒரே படத்தில் வந்துவிடும். கொஞ்சம் அழுத்தினால். யாரும் அவளுக்கு அழுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை, அழுத்தக் கூடாது என்றுதான் முதல் நாள் பாடமே. ஆனால் கைக்கும் சோம்பல் உண்டு. வெளியே பதினைந்து அம்மாக்கள் நிற்கிறார்கள், குழந்தை கத்துகிறது, அழுத்தினால் படம் கண்ணாடி மாதிரி வருகிறது, டாக்டரும் சபாஷ் என்கிறார்; எந்தக் கை சும்மா இருக்கும்? இந்த இடத்தில் நாகஜோதி நினைப்பை நிறுத்தினாள். ஒன்பது மாதமாக இதே இடத்தில்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறாள். இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதவள் போல எழுந்து போய்க் கையை இன்னொரு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஏற்கனவே இரண்டு தரம் கழுவிய கை. தண்ணீர் சூடாக இருந்தது, மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர். விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, சாதாரண விரல்கள்தான், மோதிரம் போட்ட தடம் கூட இல்லை.

ஜெயராணி. அந்தப் பேர் வந்துவிட்டது, இனி நிற்காது. ஏப்ரலில் இதே அறையில், அதோ அந்த இரண்டாவது கட்டிலில், ஜெயராணியின் குழந்தைக்கு எடுத்தாள். படம் அவ்வளவு அமைதியாக இருந்தது, மெல்லிய குழாய்கள், நெளிவு இல்லை, தடிப்பு இல்லை. டாக்டர் ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்துக் கூட்டிவரச் சொல் என்றார். இவளும் அப்படியே சொன்னாள். அந்தக் குடும்பம் ஒன்றுமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டது, இரண்டு வாரம் என்பதை விட்டுவிட்டது. யார்தான் விட மாட்டார்கள்? பேச்சுக்குப் பேச்சு சாவைப் பற்றியே கேட்டுக் கேட்டு ஒரு மாதம் கழித்து ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், அதற்கு மேல் காதில் எது ஏறும்? ஆகஸ்டில்தான் ஜெயராணி வந்தாள். குழந்தைக்கு அப்போது தியாஸ்ரீ என்று பேர் வைத்திருந்தார்கள், காதில் பொட்டுத் தோடு, காலில் கொலுசு. "அக்கா, பாப்பா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது. சத்தம் கேட்டாத்தான் திரும்புது" என்று சொல்லிக் கூடவே சிரித்தாள், இது ஒரு பெரிய விஷயமில்லை என்று இவள் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது. இரண்டு கண்ணிலும் பாவைக்குள் வெள்ளை தெரிந்தது, பிய்ந்துபோன விழித்திரை. லைட் அடித்துப் பார்க்க வேண்டியதே இல்லை, ஜன்னல் வெளிச்சத்திலேயே தெரிந்தது. பிறகு ஜெயராணி தன் போனை எடுத்துக் காட்டினாள். மே மாதத்திலிருந்தே எல்லாப் போட்டோவிலும் குழந்தையின் கண் பளிச்சென்று வெள்ளையாக விழுந்திருக்கிறது. "பூனைக்கண்ணு மாதிரி விழுகுதேன்னு பாத்தோம்க்கா. புதுப் போனு, கேமரா சரியில்லபோலன்னு எங்க வீட்டுக்காரர் கடையில கொண்டுபோயிச் சண்ட போட்டு மாத்திட்டு வந்தாரு. மாத்துன போன்லயும் அப்படித்தான் விழுந்துச்சு. சரி, எல்லாப் போனும் இப்ப இப்படித்தான் வருதுன்னு விட்டுட்டோம்." இரண்டு போனில் பார்த்தார்கள். கடைக்காரனிடம் அத்தனை சண்டை போட்டார்கள். போனை மாற்ற முடிந்தது. இதை யாரிடமும் நாகஜோதி சொன்னதில்லை, அம்மாவிடம் கூட. சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் போன் ஞாபகம் வந்து தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். என்னடி, ஆளே உருகிப்போயிட்ட என்று அம்மா கேட்பாள், வெயில்மா என்பாள்.

விசாரித்தார்கள். நாலு பேர் உட்கார்ந்து ஏப்ரல் மாதத்துப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு நல்ல படம், ஆனால் கண்ணோ இப்படி. அப்படியானால் அன்றைக்கு மெஷினில்தான் ஏதோ கோளாறு, குழாயின் நிறம் சரியாகப் பதிவாகவில்லை என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு எடுத்த மற்றக் குழந்தைகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லோருக்கும் கண் நன்றாக இருந்தது. குறிப்பு எழுதினார்கள், மெஷினைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள், அது கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. ஜோதி மாதிரி ஒரு கையே எடுத்தும் இப்படி ஆயிருக்குன்னா மெஷின்தான் காரணம் என்று டாக்டர் வசுமதி எல்லோர் முன்னாலும் சொன்னார். அவளைக் காப்பாற்ற என்று சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எல்லோரும் அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவள் திரையை ஒரே ஒரு தரம் பார்த்தாள். படத்தின் நடுவில், நரம்பு உள்ளே நுழைகிற வட்டம், உயிருள்ள கண்ணில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய வட்டம், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அழுத்தினால்தான் அது வெளுக்கும். அழுத்தினால் ரத்தம் குழாயை விட்டு விலகிவிடும், தடித்த குழாயும் மெலிந்து தெரியும், நெளிந்ததும் நேராகத் தெரியும், இருக்கிற நோய் இல்லாமல் போய்விடும், படம் அமைதியாக இருக்கும். நாலு பேரும் குழாயைப் பார்த்தார்கள். வட்டத்தை அவள்தான் பார்த்தாள். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்றா? ஜெயராணியின் வீட்டுக்காரர் அடிக்க வருவார் என்றா? அதெல்லாம் இல்லை. பஞ்சுக் கை என்று சொல்லிவிட்டார்களே, அதுதான். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என்று கேட்டால் ஆமாம், இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான்.

பத்து இருபத்தைந்து. மூன்றாவது சொட்டு. குழந்தை இந்தத் தடவை அழுதது, கண்ணீர் கூட இல்லாத அழுகை. "இன்னும் பத்து நிமிஷம்" என்றாள் செலின். இன்னும் பத்து நிமிடம், பத்து நிமிடத்தில் என்னென்னவோ நடக்கலாம், கரண்ட் போகலாம், மெஷின் ஓடாமல் போகலாம், குழந்தை மூச்சை நிறுத்திக்கொண்டு எல்லோரும் ஓடிவந்து இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். அய்யோ, என்ன நினைப்பு இது, குழந்தை மூச்சை நிறுத்த வேண்டும் என்றா நினைத்தாள்? இல்லை, அப்படி இல்லை, சும்மா ஒரு பேச்சுக்கு. மனசுக்குள் பேச்சுக்கு என்று ஏதாவது உண்டா? பயந்தவளுக்கு ஈவிரக்கம் இருக்காது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. அந்தச் சத்தத்தோடு குழந்தையின் மானிட்டர் சத்தமும் சேர்ந்து எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. முனீஸ்வரி சுவரோரமாக நின்று உதடு அசையாமல் ஏதோ சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள். ரெபேக்காவாக இருந்தால் இந்நேரம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்திருப்பாள். ரெபேக்காவின் கை எப்படி? அவள் அழுத்துவாளா? அவள் புது மெஷினில் பழகியவள், பழையதைத் தொட்டதில்லை என்பாள். ரெபேக்காவைப் பற்றி நினைக்க வேண்டாம். நினைத்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று வரும், அதற்கும் பின்னால் இன்னொன்று. மணியைப் பார்த்தாள். இரண்டு நிமிடம்தான் போயிருந்தது.

குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றிச் செலின் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போகும் மருந்து விட்டு, இமைகளைத் திறந்து நிறுத்தும் சின்னக் கம்பியை வைத்தாள் நாகஜோதி. கண்பாவை நன்றாக விரிந்திருந்தது, கறுப்பாக, பெரியவர்கள் கண் மாதிரி. ஜெல் விட்டாள். முனையை எடுத்து வைத்தாள். குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்தில் கை தானாக இறுகியது, சீக்கிரம் முடித்துவிட வேண்டும், சீக்கிரம், என்று உடம்பு முழுக்க ஒரே நினைப்பாக இருந்தது. திரையில் மஞ்சளாக ஒன்று ஆடியது, நின்றது. மிதித்தாள். படம் விழுந்தது. பழைய மெஷினுக்கு நம்ப முடியாத படம். ஆடவில்லை, ஓரத்துக் கலங்கல் கூடக் குறைவு, மெல்லிய குழாய்கள் நாலு பக்கமும் சாதுவாக ஓடின. "அப்பாடா, நல்லா வந்துருச்சு போல" என்றாள் செலின். "நல்லாருக்காக்கா? ஒண்ணுமில்லையே?" என்று சுவரோரமிருந்து முனீஸ்வரி கேட்டாள். நாகஜோதியின் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தே விட்டாள். அப்போதுதான் பார்த்தாள். நடுவில் வட்டம் வெளுத்திருந்தது.

ஒரு கணம் அவள் எங்கே இருக்கிறாள் என்பதே தெரியவில்லை. திரையில் இருப்பது இன்றைக்கு எடுத்த படமா, ஏப்ரலில் எடுத்ததா? மெஷின் வேறு, வெளிச்சம் வேறு, குழந்தை வேறு. கை மட்டும் அதே கை. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "என்னாச்சு ஜோதி?" என்றாள் செலின். "ஒரு நிமிஷம் சிஸ்டர்." மூச்சை இழுத்து விட்டாள். குழந்தையின் மூச்சைப் பார்த்தாள், அது அழுது ஓய்ந்து விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுக்கும்போது இவள் கையைத் தூக்கினாள், ஒரு நூல் அளவுதான். விடும்போது கூடவே இறங்கினாள். மறுபடி தூக்கினாள். முனை கண்ணை விட்டு ஜெல்லுக்கு ஏறியது, விரலுக்கு அது தெரிந்தது, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு விரலுக்குத் தெரிந்தது. திரையில் படம் கலங்கி மங்கியது. காத்திருந்தாள். வட்டம் மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு மடை திறந்துவிட்ட வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி குழாய்களுக்குள் ரத்தம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது, சாதுவாக ஓடிய குழாய்கள் எல்லாம் புடைத்துக்கொண்டு, சுருண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெளிந்தன. நாகஜோதி தன்னையறியாமல் அம்மா என்றாள். மங்கலான, மஞ்சள் பூத்த, ஓரம் கலங்கிய படம். மிதித்தாள். இன்னொன்று, இன்னொன்று. அடுத்த கண். அதுவும் இப்படித்தான். இருபத்தெட்டு நிமிடம் ஆயிற்று. முடித்துவிட்டுக் கம்பியை எடுத்துக் குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்ட பிறகுதான் அவள் ரவிக்கை முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது.

அனுப்ப வேண்டும். திரையில் படங்கள் வரிசையாக நின்றன, முதலில் அந்த அமைதியான படம், பின்னால் நெளிகிறவை. முதல் படத்தின் மேல் அம்புக்குறி போய் நின்றது. அழித்துவிடலாம். சரியாக வராத படத்தை அழிப்பது எல்லோரும் செய்வதுதான், யாரும் கேட்க மாட்டார்கள், இந்தக் குழந்தைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பழைய மெஷினிலேயே ஜோதி கண்டுபிடித்துவிட்டாள் பார் என்பார்கள். விரல் பட்டன் மேலேயே கிடந்தது. பயத்தில் அழிக்க இருந்தாள், இன்னொரு பயத்தில் அழிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். எந்தப் பயம் ஜெயித்தது என்று அவளுக்கே தெரியாது. ஆறு நிமிடத்தில் போன் வந்தது. டாக்டர் வசுமதியின் குரலில் அவசரம் இருந்தது. "ஜோதி, அந்தக் குழந்தையை இன்னைக்கே அனுப்பிடு. சாயங்காலம் லேசர் வச்சிடுறேன். வேன்லயே கூட்டிட்டு வந்துடு, லேட் பண்ணாதே. காலத்துல பிடிச்சிட்ட, காப்பாத்திடலாம்." நாகஜோதி போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "முனீஸ்வரி, கண்ணுல நோய் இருக்கும்மா. இன்னைக்கே போனா சரியாக்கிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. துணிமணி எடுத்துக்க, உடனே கிளம்பணும்." முனீஸ்வரி இரண்டு அடி வைத்தாள், திரும்பினாள், "பொழச்சுக்கிரும்ல?" என்றாள், பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். செலின் டிஸ்சார்ஜ் எழுத வைக்கப் பெரிய டாக்டரைத் தேடிப் போனாள்.

போனில் டாக்டர் இன்னும் இருந்தார். மவுஸ் சொடுக்குகிற சத்தம் கேட்டது. "ஜோதி, இந்த முதல் படம் எந்தக் குழந்தையோடது? மாத்தி அனுப்பிட்டியா? இது நல்ல கண்ணா இருக்கே." நாகஜோதி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அதே குழந்தைதான் மேடம். அதே கண்ணு." "எப்படி?" "முதல் படத்துல அழுத்திட்டேன் மேடம்." இனி நிறுத்தினால் எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் அவள் நிறுத்தாமல் சொன்னாள். "தியாஸ்ரீக்கும் அழுத்தித்தான் எடுத்தேன். மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். வட்டம் வெளுத்திருந்தது, நான் பாத்தேன், சொல்லல." டாக்டரின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அந்தப் படத்துக்கு ஒண்ணுமில்லன்னு எழுதினது நான். நீ எடுத்ததுன்னு ரெண்டாவது தடவை பார்க்கல." பிறகு கொஞ்சம் பொறுத்து, பயந்த குரலில் கேட்டார். "ஜனவரியிலேர்ந்து அந்த மெஷின்ல நீதானே எடுத்தே. அன்னைக்கு மட்டுமா அழுத்தினே?" "இல்ல மேடம். எல்லா நாளும்." "ரெண்டாவது தடவை வராமலே போன குழந்தைங்க எத்தனை இருக்கும்?" "நாப்பத்தி மூணு மேடம்." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது, ஊர், தெரு, அம்மா பேர் எல்லாம் சேர்ந்து பின்னாலேயே வந்து வரிசையில் நின்றன. வெளியே பால்பாண்டி வேனைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. டாக்டர் மெல்லக் கேட்டார்.

"எப்ப எண்ணினே?"

"ஆகஸ்ட்ல, மேடம்" என்றாள் நாகஜோதி.